அழித்த ஃபைலை மீட்கும் வித்தை பிறந்த கதை

நார்ட்டன் என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது வைரஸைத் தடுக்கும் சாஃப்ட்வேர்தான். ஆனால் பீட்டர் நார்ட்டன் என்ற மனிதர் பெயரெடுத்தது வைரஸ் ஒழிப்பால் அல்ல. நார்ட்டன் ஆன்டிவைரஸ் சந்தைக்கு வந்தது 1991-ல். அதற்கு முந்தைய வருடமே அவர் தன் கம்பெனியை விற்றுவிட்டார். அவரைக் கோடீஸ்வரர் ஆக்கியது ஒரு கைத்தவறு. ஒருநாள் தவறுதலாக ஒரு ஃபைலை அழித்துவிட்டார். எல்லாவற்றையும் மறுபடி டைப் செய்ய மனம் வரவில்லை. டிஸ்க்கிலிருந்து அதைத் தேடி எடுக்க ஒரு புரோகிராம் எழுதினார். அழித்த ஃபைலை மீட்பது ஒரு தொழிலாக வளர்ந்தது அங்கிருந்துதான்.

நார்ட்டன் 1943-ல் வாஷிங்டன் மாநிலத்து அபர்டீன் ஊரில் பிறந்தவர். வளர்ந்தது சியாட்டிலில். போர்ட்லண்டில் உள்ள ரீட் கல்லூரியில் படிப்பை முடித்தது 1965-ல். போயிங், ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரி போன்ற இடங்களில் பெரிய கம்ப்யூட்டர்களுக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். 1970-களில் சுமார் ஐந்து ஆண்டுகள் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஒரு பௌத்த மடத்தில் தங்கியிருந்ததும் உண்டு. விமானத் துறையில் ஆட்குறைப்பு நடந்தபோது அவர் வேலையும் போனது. பிழைப்புக்காகச் சின்னக் கம்ப்யூட்டர்கள் பக்கம் வந்தார். 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது. ஆரம்ப விலை 1,565 டாலர். அதில் ரீசைக்கிள் பின் கிடையாது, மவுஸும் கிடையாது. கறுப்புத் திரையில் இரேஸ் என்று அடித்து, ஃபைலின் பெயரையும் அடித்து, என்டர் தட்டினால் கதை முடிந்தது. பெயரில் ஓர் எழுத்து பிசகினால் வேறொரு ஃபைல் போய்விடும். பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால் ஒரே தட்டில் ஒரு கூட்டமே போய்விடும்.

அப்படிப் போன ஃபைல் உண்மையில் எங்கேயும் போகவில்லை என்பது நார்ட்டனுக்குத் தெரிந்திருந்தது.

ஃப்ளாப்பிக்குள் ஒரு பட்டியல்

அந்தக் கம்ப்யூட்டரின் ஃப்ளாப்பி டிஸ்க், ஐந்தேகால் அங்குல அகலம். ஒரு பக்கத்தில் மட்டும் எழுதும். அதில் 40 வட்டப் பாதைகள், ஒவ்வொரு பாதையிலும் 8 பகுதிகள், ஒவ்வொரு பகுதியிலும் 512 பைட். பெருக்கினால் 1,63,840 பைட். அதாவது 160 கேபி. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே இந்த இடம் போதாது. மொத்தம் 320 பகுதிகளில் முதல் 7 நிர்வாகத்துக்கு ஒதுக்கப்பட்டவை. மீதி 313-ல்தான் நம் கடிதமும் கணக்கும் உட்காரும்.

நிர்வாகப் பகுதியில் முக்கியமானவை இரண்டு. ஒன்று டைரக்டரி என்னும் பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு ஃபைலுக்கும் அதில் 32 பைட் நீளத்தில் ஒரு வரி. இப்படி 64 வரிகள். பெயருக்கு 8 எழுத்து, வகையைச் சொல்ல 3 எழுத்து, தேதி, ஃபைலின் அளவு, அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற எண் எல்லாம் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

இன்னொன்று ஃபைல் அலொகேஷன் டேபிள். சுருக்கமாக ஃபேட். 1977-ல் மைக்ரோசாஃப்ட்டில் மார்க் மெக்டொனால்ட் உருவாக்கிய முறை இது. சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ் கம்பெனியில் டிம் பேட்டர்சன் 1980-ல் எழுதிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் இது இடம்பெற்றது. அந்த சிஸ்டத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது ஐபிஎம்முக்கும் வந்து சேர்ந்தது. ஒரு ஃபைலின் முதல் துண்டு 40-வது இடத்தில் இருக்கிறது என்று டைரக்டரி சொல்லும். அடுத்த துண்டு 41-ல், அதற்கடுத்தது 42-ல் என்று வழிகாட்டுவது ஃபேட் அட்டவணை. ஒரு இடம் காலியாக இருந்தால் அட்டவணையில் அதற்கு நேரே பூஜ்யம்.

இப்போது ஃபைலை அழித்தால் என்ன நடக்கிறது? டைரக்டரி வரியில், பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் 229 என்ற எண் எழுதப்படும். ஃபேட் அட்டவணையில் அந்த ஃபைலுக்கு உரிய எண்கள் பூஜ்யமாகும். அவ்வளவுதான். கடிதத்தின் உள்ளே இருக்கும் ஓர் எழுத்தைக்கூடக் கம்ப்யூட்டர் தொடுவதில்லை. வீட்டு வாசலில் ‘டு-லெட்’ போர்டு மாட்டியாகிவிட்டது, ஆனால் குடியிருந்தவர் சாமான்களோடு உள்ளேயே இருக்கிறார் என்பதுதான் நிலைமை. புதுக் குடித்தனக்காரர் வந்து சாமான்களை வெளியே எறியும் வரை அவருக்கு ஆபத்தில்லை.

இது கவனக்குறைவால் வந்ததல்ல, கணக்குப் பார்த்துச் செய்த சிக்கனம். நிமிடத்துக்கு 300 தடவை சுற்றும் ஃப்ளாப்பியில் ஒரு ஃபைலின் ஒவ்வொரு பைட்டையும் துடைத்து எழுத வேண்டுமானால், அதை முதலில் எழுத ஆன நேரம் அழிப்பதற்கும் ஆகும். ‘இந்த இடம் காலி’ என்று குறிப்பு எழுதுவதற்கோ கண் இமைக்கும் நேரம் போதும். பிறகு எப்படியும் புது ஃபைல் அந்த இடத்தில் எழுதப்படும்போது பழையது தானாக மறையப்போகிறது. துடைப்பது வெட்டிவேலை என்று சிஸ்டம் எழுதியவர்கள் முடிவு செய்தார்கள். பின்னாளில் கோடிக்கணக்கான டாலர் புரண்ட ஒரு தொழிலுக்கு இந்த முடிவுதான் அஸ்திவாரம்.

229 எங்கிருந்து வந்தது?

அழித்ததற்கு அடையாளமாக 229 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்தவர்கள் மைக்ரோசாஃப்ட்காரர்கள் அல்ல. அதற்கு முன்பு சின்னக் கம்ப்யூட்டர்களில் கொடிகட்டிப் பறந்த சிபி/எம் சிஸ்டத்திலிருந்து வந்தது அது. கலிஃபோர்னியாவில் கேரி கில்டால் 1974-ல் எழுதிய சிஸ்டம். அப்போது புழக்கத்தில் இருந்த எட்டு அங்குல ஃப்ளாப்பிகள் ஐபிஎம் வகுத்த முறைப்படி தயார்செய்யப்பட்டு, முழுவதும் 229 என்ற எண்ணால் நிரப்பப்பட்டே கடைக்கு வந்தன. ஆகவே, டைரக்டரி வரியின் தொடக்கத்தில் 229 இருந்தால் அந்த வரி காலி என்று வைத்துக்கொண்டால் வேலை மிச்சம். புது டிஸ்க்கைப் போட்டதுமே பயன்படுத்தலாம். ஃபைலை அழிக்க வேண்டுமா? தொடக்க எண்ணை 229 ஆக்கிவிட்டால் அதுவும் காலி.

சிபி/எம்மில் இன்னொரு வசதியும் இருந்தது. ஃபைலின் துண்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற விவரம் முழுக்க டைரக்டரி வரியிலேயே இருக்கும். அழித்தாலும் அந்த விவரம் அப்படியே நிற்கும். விஷயம் தெரிந்தவர் அந்த ஒரு எண்ணை மட்டும் கையால் மாற்றினால் ஃபைல் முழுசாகத் திரும்பிவிடும்.

ஐபிஎம் கம்ப்யூட்டரில் அவ்வளவு சுலபம் இல்லை. வழிகாட்டும் எண்கள் ஃபேட் அட்டவணையில் தனியாக இருந்தன. அழிக்கும்போது அவை பூஜ்யமாகிவிடும். நார்ட்டன் தாண்ட வேண்டியிருந்த பள்ளம் இதுதான்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். 3,000 பைட் நீளமுள்ள ஒரு கடிதம். ஒரு துண்டுக்கு 512 பைட் என்றால் 6 துண்டுகள் தேவை. கடிதத்தை அழித்த பிறகு டைரக்டரியில் மிஞ்சுவது: முதல் எழுத்து போன பெயர், தேதி, 3,000 என்ற அளவு, 40-ல் தொடங்குகிறது என்ற குறிப்பு. மீட்கும் புரோகிராம் இதை வைத்துக் கணக்குப் போடும். 40-வது இடம் இன்னும் காலியாகக் கிடக்கிறதா என்று முதலில் பார்க்கும். இருந்தால், அங்கிருந்து அடுத்தடுத்துக் காலியாக இருக்கும் 6 இடங்களைச் சேர்த்தெடுத்து, ஃபேட் அட்டவணையில் வழியைப் புதிதாக எழுதிக்கொடுக்கும். பெயரின் முதல் எழுத்து என்ன என்று நம்மையே கேட்கும். அதைத் தெரிந்துகொள்ள அதற்கு வேறு வழியில்லை.

ஃபைல் ஒரே தொடராக எழுதப்பட்டிருந்தால் இந்த ஊகம் பலிக்கும். துண்டுகள் அங்குமிங்கும் சிதறியிருந்தால் கடிதத்தின் பாதியில் வேறொருவரின் கணக்கு வந்து நிற்கும். அழித்த பிறகு அதே டிஸ்க்கில் புதிதாக ஏதாவது எழுதியிருந்தால், எழுதிய அளவுக்குப் பழையது போச்சு. அழித்தது தெரிந்ததும் அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாதே என்ற பாலபாடம் அன்று பிறந்தது. பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு இன்றும் அதுதான் பாடம்.

கைகட்டி நின்ற படம்

நார்ட்டனின் புரோகிராமைப் பார்த்த நண்பர்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஊருக்கு ஊர் குழுவாகக் கூடிச் சந்தேகம் தீர்த்துக்கொண்ட காலம் அது. அந்தக் கூட்டங்களில் ஒவ்வொன்றாக விற்றார். 1982-ல், 30,000 டாலரும் ஒரு ஐபிஎம் கம்ப்யூட்டரும் முதலாக, பீட்டர் நார்ட்டன் கம்ப்யூட்டிங் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அந்த ஆண்டே சில கருவி புரோகிராம்களைச் சேர்த்து நார்ட்டன் யுடிலிட்டீஸ் என்ற தொகுப்பை வெளியிட்டார். அதன் நாயகன் ‘அன்இரேஸ்’.

விளம்பரத்துக்குப் பணம் இல்லை. கம்ப்யூட்டரின் உள்வேலைகளை விளக்கிச் சின்னச் சின்னத் துண்டுப் பிரசுரங்கள் எழுதி, கூட்டங்களிலும் கடைகளிலும் வைத்துவிட்டு வருவார். ஒன்று ஒரு பதிப்பாளர் கண்ணில் பட்டது. சிக்கலான விஷயத்தை இவ்வளவு தெளிவாக எழுதுபவர் புத்தகமே எழுதலாமே என்று கேட்டார். 1983-ல் நார்ட்டனின் முதல் புத்தகம் வந்தது. 1985-ல் வந்த இன்னொரு புத்தகத்தின் அட்டையில் இளஞ்சிவப்புச் சட்டை போட்டு, கைகட்டி நிற்கிறார். புரோகிராமர்கள் அந்தப் புத்தகத்தின் தலைப்பை மறந்து ‘பிங்க் சட்டைப் புத்தகம்’ என்றே அழைத்தார்கள். கைகட்டி நிற்கும் அந்தத் தோரணையே பிறகு அமெரிக்காவில் டிரேட்மார்க்காகப் பதிவானது. ஃபைலைத் தொலைத்துவிட்டுக் கலங்கி நிற்பவருக்கு, நான் இருக்கிறேன் என்று சொல்லும் முகம் தேவைப்பட்டது. சாஃப்ட்வேர் பெட்டியில் நார்ட்டன் படம் போட்டது வீண்போகவில்லை.

1984-ல் கம்பெனியின் வருமானம் 10 லட்சம் டாலரைத் தொட்டது. 1989-ல் அது இரண்டரைக் கோடி டாலர். 1990-ல் சைமான்டெக் கம்பெனி 7 கோடி டாலருக்கு அதை வாங்கியது.

போட்டியும் வந்தது. ஆரகன் மாநிலத்து சென்ட்ரல் பாயின்ட் கம்பெனி, பிசி டூல்ஸ் என்ற பெயரில் இதே வேலைகளைச் செய்து கொடுத்தது. டிஸ்க்கையே தவறுதலாக ஃபார்மேட் செய்தவர்களைக் காப்பாற்றவும் புரோகிராம்கள் வந்தன. பத்து ஆண்டுகள் இந்த வியாபாரத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மைக்ரோசாஃப்ட், 1991 ஜூனில் வெளியிட்ட எம்எஸ்-டாஸ் 5 சிஸ்டத்தில் ‘அன்டெலீட்’ கட்டளையைச் சேர்த்தது. அதையும் தானாக எழுதவில்லை. சென்ட்ரல் பாயின்ட்டிடம் உரிமம் வாங்கிப் போட்டது. தனிக்காசு கொடுத்து வாங்கிய வித்தை கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வரத் தொடங்கியது.

குப்பைத் தொட்டி என்னும் யோசனை

இதே காலத்தில் கலிஃபோர்னியாவில் வேறொரு யோசனை வளர்ந்துகொண்டிருந்தது. அழித்த பிறகு மீட்பதைப் பற்றி நார்ட்டன் யோசித்தார். ஆப்பிள்காரர்கள் அழிப்பதையே தள்ளிப்போட்டார்கள். 1983 ஜனவரியில் வந்த லிசா கம்ப்யூட்டரின் திரையில் ஒரு குப்பைத் தொட்டிப் படம் இருந்தது. 1984-ல் வந்த மெக்கின்டாஷிலும் அது தொடர்ந்தது. ஃபைலை இழுத்துத் தொட்டியில் போட வேண்டும். மனம் மாறினால் வெளியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆரம்பகால மெக்கின்டாஷில் கம்ப்யூட்டரை அணைத்தால் தொட்டி தானாகக் காலியாகிவிடும். நாமாகக் காலி செய்யும் வரை குப்பை அப்படியே இருக்கும் என்ற ஏற்பாடு 1991-ல் வந்த சிஸ்டம் 7-ல்தான் வந்தது.

1993-ல் எம்எஸ்-டாஸ் 6 இதை நோக்கி ஓரடி வைத்தது. விரும்பினால், அழிக்கும் ஃபைல்களை ‘சென்ட்ரி’ என்ற மறைவான ஃபோல்டருக்கு நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95-ல் ரீசைக்கிள் பின் முகப்புத் திரைக்கே வந்தது. இயல்பாக, டிஸ்க்கின் மொத்த இடத்தில் 10 சதவீதம் வரை அன்று அது எடுத்துக்கொண்டது; நிரம்பினால் பழைய குப்பை முதலில் போனது.

ரீசைக்கிள் பின்னில் இருப்பது அழித்த ஃபைல் அல்ல, இடம் மாற்றிய ஃபைல். அதனால் முழுசாக, பெயரோடு திரும்பக் கிடைக்கிறது. உலகத்தில் தினமும் நடக்கும் ஃபைல் மீட்புகளில் பெரும்பகுதியை இந்தத் தொட்டி சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. ஆனால் அதில் ஓட்டைகளும் உண்டு. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு டெலீட் செய்தால் தொட்டிக்குப் போகாது. கட்டளைத் திரையில் அழித்தாலும் போகாது. பென் டிரைவிலிருந்தோ நெட்வொர்க்கில் உள்ள வேறொரு கம்ப்யூட்டரிலிருந்தோ அழித்தால் பொதுவாகப் போகாது. அந்த ஓட்டைகளில் விழுந்தவர்கள் மறுபடி நார்ட்டன் வழிக்கே வர வேண்டியிருந்தது.

அழித்தது காட்டிக்கொடுத்தது

அழித்தாலும் அழியாது என்ற உண்மை, தொலைத்தவர்களுக்கு வரம். மறைக்க நினைத்தவர்களுக்கோ அது பெரும் தொல்லையானது.

1986 நவம்பரில் அமெரிக்காவில் ஈரான்-கான்ட்ரா ஊழல் வெடித்தது. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகராகுவாவின் கான்ட்ரா போராளிகளுக்குக் கொடுத்த விவகாரம். தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலில் இருந்த ஆலிவர் நார்த்தும் அவருடைய மேலதிகாரி ஜான் பாயின்டெக்ஸ்டரும், ‘ப்ராஃப்ஸ்’ என்ற ஐபிஎம் மெயில் சிஸ்டத்தில் தாங்கள் பரிமாறிய ஆயிரக்கணக்கான செய்திகளை அழித்தார்கள். ஆனால் அந்தச் செய்திகளின் நகல் பேக்கப் டேப்புகளில் இருந்தது. விசாரணைக் குழு அவற்றை எடுத்துப் படித்தது. 1987 பிப்ரவரியில் வெளியான டவர் கமிஷன் அறிக்கையில் அழித்த செய்திகளே சாட்சிகளாக நின்றன.

2005-ல் நடந்தது இன்னும் திகிலானது. கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா வட்டாரத்தில் 1974 முதல் 1991 வரை பத்துப் பேரைக் கொன்ற ஒருவன் போலீசுக்குப் பிடிபடாமல் இருந்தான். போலீசோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டு, ஃப்ளாப்பி அனுப்பினால் என்னைக் கண்டுபிடிக்க முடியுமா என்றே கேட்டான். பயப்பட ஒன்றுமில்லை என்று போலீசார் பத்திரிகை வரி விளம்பரம் மூலம் பதில் சொன்னார்கள். நம்பி அனுப்பினான். அந்த ஃப்ளாப்பியில் அழிக்கப்பட்ட ஒரு வேர்டு ஃபைல் இருந்தது. அதை மீட்டுப் பார்த்தபோது ஒரு லூதரன் தேவாலயத்தின் பெயரும், கடைசியாகத் திருத்தியவர் டென்னிஸ் என்ற பெயரும் கிடைத்தன. அந்தத் தேவாலயக் குழுவின் தலைவர் டென்னிஸ் ரேடர். ஃப்ளாப்பி வந்துசேர்ந்து பத்து நாட்களுக்குள் கைதானான்.

சாதாரண மனிதர்களின் ரகசியங்களும் இப்படியே வெளியே கிடந்தன. எம்ஐடி ஆய்வாளர்களான சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிச் சோதித்து, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. டெலீட் செய்தோம், ஃபார்மேட் செய்தோம், ஆகவே சுத்தம் என்று நினைத்து விற்றவர்களின் டிஸ்க்குகள் அவை.

பட்டியலே இல்லாமல் தேடுவது

நார்ட்டன் வழி டைரக்டரியில் மிஞ்சிய வரியை நம்பியிருந்தது. அந்த வரியும் போய்விட்டால்? டிஜிட்டல் கேமராக்கள் பரவியபோது இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு வந்தது. மெமரி கார்டுகளிலும் பழைய ஃபேட் முறைதான். ஆனால் கார்டு கெட்டுப்போனாலோ ஃபார்மேட் ஆனாலோ பட்டியலே காணாமல் போகும். படங்கள் மட்டும் பெயரில்லாமல் உள்ளே கிடக்கும்.

இதற்கு விடை, பட்டியலைப் பார்க்காமல் டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து, ஃபைல்களை அவற்றின் தொடக்க அடையாளத்தால் கண்டுபிடிப்பது. ஜேபெக் படம் எதுவானாலும் முதல் இரண்டு பைட் 255, 216. முடியும் இடத்தில் 255, 217. ஜிப் ஃபைலின் தொடக்கத்தில், அந்த முறையை உருவாக்கிய ஃபில் காட்ஸ் என்பவரின் ஆங்கில முதலெழுத்துகள் இருக்கும். இன்றைய வேர்டு, எக்செல் ஃபைல்களும் உள்ளுக்குள் ஜிப் வகைதான் என்பதால், அவற்றையும் அதே இரண்டு எழுத்துகளை வைத்துத் தேடிவிடலாம்.

அமெரிக்க விமானப்படையின் புலனாய்வுப் பிரிவில் இருந்த ஜெஸ்ஸி கார்ன்ப்ளம், கிரிஸ் கெண்டல் இருவரும் 2001-ல் ‘ஃபோர்மோஸ்ட்’ என்ற புரோகிராமை இப்படி எழுதினார்கள். குற்ற விசாரணைக்காக எழுதியது. அடுத்த ஆண்டு, பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே ‘ஃபோட்டோரெக்’ என்பதை வெளியிட்டார். தொலைந்த போட்டோக்களுக்காகத் தொடங்கியது, இன்று நூற்றுக்கணக்கான ஃபைல் வகைகளை அடையாளம் காணும். மூல நிரலோடு இலவசமாகவே கொடுக்கிறார். கடையில் டேட்டா ரெக்கவரி என்று ஆயிரக்கணக்கில் ரூபாய் கேட்பதற்கு முன், காசில்லாமல் ஒருமுறை முயன்றுபார்க்க இது போதும். குறை ஒன்றுண்டு. படம் வரும், பெரும்பாலும் பழைய பெயர் வராது. பல துண்டுகளாகச் சிதறிய ஃபைலானால் பாதிப் படம்தான் வரும்.

மைக்ரோசாஃப்ட்டும் 2020-ல் விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி என்ற இலவசக் கருவியை வெளியிட்டது. அதில் பட்டன்கள் கிடையாது. நார்ட்டன் காலத்தைப் போலக் கட்டளைதான் அடிக்க வேண்டும்.

நிஜமாகவே அழிக்கும் டிஸ்க்

இவ்வளவு வித்தைகளும் நின்றது ஒரே ஒரு சிக்கனத்தின் மேல்: துடைப்பது வெட்டிவேலை. சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி வந்ததும் அந்தக் கணக்கு தலைகீழாக மாறியது.

எஸ்எஸ்டியில் இருப்பது ஃப்ளாஷ் மெமரி. அதில் பழையதன் மேல் நேரடியாகப் புதியதை எழுத முடியாது. முதலில் ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். எழுதும் நேரத்தில் அழிக்கத் தொடங்கினால் வேகம் குறையும். ஆகவே எந்தெந்த இடம் இனி வேண்டாம் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டால், டிஸ்க் சும்மா இருக்கும் நேரத்தில் அவற்றைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொள்ளும். அப்படிச் சொல்வதற்கான கட்டளையின் பெயர் ‘டிரிம்’. 2009-ல் விண்டோஸ் 7 அதை ஆதரித்தது. மற்ற சிஸ்டங்களும் பின்தொடர்ந்தன. ஃபைலை அழித்த மறுநொடி டிரிம் போகும். கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் படிக்க ஒன்றும் இருக்காது. ஃபோட்டோரெக் ஆனாலும் சரி, கடைக்காரர் ஆனாலும் சரி, வெறும் பூஜ்யங்களைத்தான் பார்ப்பார்கள். இப்போது துடைப்பதுதான் சிக்கனம்.

கைபேசியில் கதவு இன்னும் இறுக்கம். ஐபோனில் ஒவ்வொரு ஃபைலும் தனிச் சாவியால் பூட்டப்பட்டிருக்கிறது. அழித்தால் சாவியும் போகும். பிறகு மிச்சம் கிடைத்தாலும் படிக்க முடியாது. ஆண்ட்ராய்டு 10 முதல் புதிதாக வரும் போன்களிலும் உள்ளிருப்பதை என்க்ரிப்ட் செய்தே வைக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் போன் கம்பெனிகள் ஆப்பிளின் பழைய தொட்டி யோசனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. ஐபோனில் அழித்த போட்டோ 30 நாள் காத்திருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள், ஜிமெயிலில் அழித்த கடிதம் 30 நாள். நார்ட்டன் வழி தளர்ந்துவிட்டது. தொட்டி வழி ஜெயித்துவிட்டது.

இப்போது என்ன செய்யலாம்?

ஃபைலை அழித்துவிட்டால் முதலில் தொட்டியைப் பாருங்கள்: கம்ப்யூட்டரில் ரீசைக்கிள் பின், போனில் சமீபத்தில் அழித்தவை. அங்கே இல்லையென்றால் எந்த டிஸ்க் என்று பாருங்கள். பென் டிரைவ், கேமரா கார்டு, பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் நம்பிக்கை உண்டு. உடனே வேலையை நிறுத்துங்கள். கார்டானால் கேமராவிலிருந்து கழற்றுங்கள். இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். மீட்கும் புரோகிராமை வேறு டிஸ்க்கில் வைத்து ஓட்டி, மீட்டதையும் வேறு டிஸ்க்கிலேயே எழுதுங்கள். டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால் அது புரோகிராமால் ஆகிற காரியமல்ல. அணைத்துவிட்டு, விவரமானவரிடம் கொடுங்கள். லேப்டாப்பின் எஸ்எஸ்டியில் அழித்து, தொட்டியையும் காலி செய்திருந்தால், பெரும்பாலும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். முழுசாக மீட்டுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.

பழைய டிஸ்க்கை விற்கும்போது இதன் மறுபக்கம் நினைவிருக்கட்டும்: டெலீட் செய்வது போதாது, முழுவதும் மேலெழுதித் துடைத்துவிட்டுக் கொடுங்கள்.

ஈரான்-கான்ட்ரா செய்திகள் திரும்பக் கிடைத்தது எந்த வித்தையாலும் அல்ல. ஒரு நகல் வேறிடத்தில் இருந்ததால். போட்டோக்காரர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. கல்யாணப் படங்களும் பத்திர ஸ்கேன்களும் ஒரே ஒரு டிஸ்க்கில் இருந்தால், இந்தப் பக்கத்தை மூடியதும் முதல் வேலையாக இன்னொரு நகல் எடுத்துவிடுங்கள்.